போர் நாவலை மேடைக்கு எழுதும்போது கதைசொல்லியை என்ன செய்வது? ('வார் ஹார்ஸ்' முன்வைத்து)

பின்திரை:
வணக்கம். முதல் உலகப்போர் நாவல் ஒன்றை நாடகமாக எழுத ஆரம்பித்திருக்கிறோம். நடிகர்கள் 9 பேர், 90 நிமிடம், இடைவேளை இல்லை, 300 இருக்கை அரங்கம், மேடை அகலம் 30 அடி. நாவல் முழுக்க ஒரு சிப்பாயின் தன்மைக் கூற்று. முதல் பிரதியில் பாதிக்கு மேல் அவன் பார்வையாளரைப் பார்த்துப் பேசுகிறான். வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது, எழுந்து நின்று நடித்தால் படுத்துவிடுகிறது. கதைசொல்லியை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா? சண்டைக் காட்சிகளுக்கு 9 பேர் போதுமா? 'வார் ஹார்ஸ்' நாடகமாக்கத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

மூன்றாம் மணி:
உங்கள் சிக்கல் அங்கே இன்னும் கடுமையாக இருந்தது. ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மார்பர்கோவின் 'வார் ஹார்ஸ்' நாவலை (1982) சொல்வது ஜோயி என்கிற குதிரை. டெவன் பண்ணையில் ஆல்பர்ட் வளர்த்த குதிரை 1914இல் ராணுவத்துக்கு விற்கப்பட்டு, ஆங்கிலேயர் கையிலிருந்து ஜெர்மானியர் கைக்கும், ஒரு பிரெஞ்சுத் தாத்தா பேத்தி கைக்கும் போகிறது. அதற்கு மூன்று மொழியும் புரியும். யாரும் அதற்குப் பகைவர் இல்லை. நாவலின் அறம் முழுவதும் அந்தக் குரலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

2007 அக்டோபரில் லண்டன் நேஷனல் தியேட்டரின் ஒலிவியே அரங்குக்கு வந்தபோது, நாடகமாக எழுதிய நிக் ஸ்டாஃபோர்டும் இயக்குநர்கள் மேரியன் எலியட், டாம் மோரிஸ் இருவரும் அந்தக் குரலையே எடுத்துவிட்டார்கள். மேடையில் ஜோயி ஆட்கள் இயக்கும் பெரிய பொம்மை, ஒரு சொல் பேசாது. மூச்சு விடும், கனைக்கும், காதைத் திருப்பும்.

குரல் போனதும் அது சுமந்த வேலைகளை வேறு யாராவது சுமக்க வேண்டும். எந்த ஊர், எந்த வருடம் என்ற தகவலை மேடைக்கு மேலே தொங்கிய நீளமான வெள்ளைப் பட்டை எடுத்துக்கொண்டது. கிழித்த தாள் போன்ற வடிவம், அதன்மேல் மேடை வடிவமைப்பாளர் ரே ஸ்மித்தின் கோட்டோவியங்கள் புரொஜெக்டரிலிருந்து விழும். அது யார் தாள் என்பது முக்கியம்: கதைக்குள் வரும் கேப்டன் நிக்கல்ஸ் ஜோயியை வரைகிறார், அவருடைய ஓவியப் புத்தகத்தில் கிழிந்த பக்கம் அது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய உத்தி அல்ல. காலம் நகர்வதை ஜான் டாம்ஸின் நாட்டுப்பாடல்கள் எடுத்துக்கொண்டன. நடுநிலையை நடிகர்களின் கைகள் எடுத்துக்கொண்டன. ஆங்கிலச் சிப்பாய் குதிரையின் கழுத்தைத் தடவுவதும் ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் தடவுவதும் ஒரே செயல். பார்க்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நாவலில் போர் தொடங்கியதும் ஆல்பர்ட் நெடுநேரம் காணாமல் போகிறான், குதிரைக்கு அவனைத் தெரிய வழியில்லை என்பதால். நாடகம் அவனைப் பின்தொடர்கிறது. வயதை மறைத்துப் பட்டாளத்தில் சேருவதும் முன்னணிக்கு வருவதும் நம் கண்முன் நடக்கும். முதல் பகுதியில் அப்பா டெட்டுக்கும் அவர் சகோதரர் ஆர்தருக்கும் ஏலத்தில் போட்டியை ஏற்றி வைத்தார்கள். கதைசொல்லியை எடுத்தால் கதையின் விசையும் போய்விடும். மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு இழுபறியை நீங்கள்தான் புதிதாக ஏற்ற வேண்டும்.

உங்கள் பிரதிக்கு: நாவலை மூன்று வண்ணப் பென்சிலோடு திரும்பப் படியுங்கள். செயல் சிவப்பு, பேச்சு நீலம், மனக்குரல் பச்சை. பச்சை அடித்த ஒவ்வொரு பத்தியையும் ஒரு அட்டையில் எழுதி, பக்கத்தில் 'இதை யார் எதை வைத்துச் செய்து காட்ட முடியும்?' என்று கேளுங்கள். பதில் கிடைக்காத அட்டைகள் மட்டும்தான் கதைசொல்லிக்கு. பொதுவாக 70, 80 அட்டை வரும். 90 நிமிட நாடகம் தாங்குவது 18இலிருந்து 22 காட்சி, எனவே பல அட்டைகளை ஒரே காட்சிக்குள் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒத்திகை:
மூன்றாம் மணி சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கதைசொல்லியை எடுப்பது ஒரு வழி, அதுவே வழி அல்ல. கூத்தில் கட்டியங்காரன் இராப்பொழுது முழுவதும் பேசுகிறான், யாரும் எழுந்து போவதில்லை. காரணம், அவன் பேசும்போது அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது: வேடத்தை அழைக்கிறான், கிண்டுகிறான், ராஜாவையே குறுக்குக் கேள்வி கேட்கிறான். பின்திரையின் சிப்பாய்க்கு வேலை இல்லை. 'குளிராக இருந்தது, பயமாக இருந்தது' என்று கண்ணுக்குத் தெரிவதையே சொல்கிறான். சொல்லும் செயலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் செத்துப்போகும். அவன் அமைதியாக ஊரில் நடந்த திருவிழாவைச் சொல்லட்டும், உடம்பு பதுங்குகுழியில் நடுங்கட்டும். அந்த இடைவெளியில்தான் நாடகம்.

நீண்ட மனக்குரலுக்கு ரஷ்ய இயக்குநர் லெவ் தோதின் கண்ட வழியைப் பாருங்கள். வாசிலி கிராஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவலை 2007இல் பீட்டர்ஸ்பர்க் மாலி நாடக அரங்குக்காக மேடையேற்றினார். மேடைக்குக் குறுக்கே ஒரு வாலிபால் வலை. விளையாட்டும் அதில்தான், முகாமின் முள்வேலியும் அதுதான். நாவலில் யூதச் சேரியில் அடைபட்ட தாய் மகனுக்கு எழுதும் கடைசிக் கடிதம் ஒரே அத்தியாயமாக இருக்கிறது. தோதின் அதைத் துண்டுதுண்டாக நறுக்கி நாடகம் நெடுக விதைத்துவிட்டார். மகனுடைய மாஸ்கோ வீட்டில் பேச்சு நடக்கும்போதே தாய் அதே அறைக்குள் நடந்து வந்து அடுத்த பத்தியைச் சொல்வாள். மகன் ஒரு சமரசம் செய்யும் கணத்தில் தாயின் எந்த வரி வருகிறது என்பதுதான் அங்கே நாடகமாக்கியவரின் வேலை.

ஆக, உங்கள் ஆளின் மனக்குரலை எடுக்காதீர்கள். 12 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதற்கு முரணான செயலின்மேல் வையுங்கள். ஒரு துண்டு 40 வினாடியைத் தாண்டக்கூடாது.

பின்திரை:
இரண்டும் உதவியாக இருக்கிறது. பக்கக் கணக்கு ஒன்று: 90 நிமிடத்துக்கு எத்தனை பக்கம் எழுதலாம்? அப்புறம், எங்கள் நாவலிலும் பீரங்கி இழுக்கும் குதிரை ஒன்று வருகிறது. 'வார் ஹார்ஸ்' ஜோயியை ஹேண்ட்ஸ்பிரிங் என்ற பொம்மலாட்டக் குழு செய்த மாதிரி ஒரு பொம்மையைச் சிறிய செலவில் செய்ய முடியுமா?

பிரம்புக்கூடை:
முடியும், ஆனால் பொம்மை செய்வது பாதி வேலைகூட இல்லை. ஹேண்ட்ஸ்பிரிங் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இயங்கும் குழு. ஏட்ரியன் கோலர், பேசில் ஜோன்ஸ் இருவரும் நடத்தியது. ஜோயியின் உடம்பு வளைத்த பிரம்பு, அதைத் தாங்க அலுமினியச் சட்டம், மேலே ஒளி புகும் மெல்லிய துணி. உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிவார்கள், அதை மறைக்க முயற்சியே இல்லை. பெரிய குதிரைக்கு மூன்று பேர்: தலைக்கு ஒருவர் வெளியே நின்று, முன்னங்காலுக்கும் மூச்சுக்கும் ஒருவர், பின்னங்காலுக்கும் வாலுக்கும் ஒருவர். மேலே ஆள் ஏறிச் சவாரியும் செய்வார், அந்தக் கனம் உள்ளே இருப்பவர்களின் முதுகுச் சட்டத்தில் இறங்கும். கனைப்பை மூவரும் சேர்ந்துதான் எழுப்புவார்கள். குதிரையின் நுரையீரல் அளவுக்கு ஒரு மனிதத் தொண்டை போதாது.

நம்மூர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ஆடுபவரின் முகமும் உடம்பும் கூட்டுக்கு மேலே தெரிகிறது, ஆனாலும் இரண்டு நிமிடத்தில் நாம் குதிரையைத்தான் பார்க்கிறோம். அதே நம்பிக்கைதான் இங்கேயும்.

உங்களுக்கு முழுக் குதிரை வேண்டாம் என்பது என் கருத்து. 9 பேரில் 3 பேர் அதற்குள் போய்விட்டால் மிச்சம் 6. தலையும் கழுத்தும் மட்டும் செய்யுங்கள், உடம்புக்கு ஒரு இழுவைச் சேணமும் கயிறும் போதும். 8 மி.மீ. பிரம்பை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீராவி காட்டி, பலகையில் ஆணி அடித்து வரைந்த வடிவத்தில் வளைத்துக் கட்டுங்கள். இரண்டு நாள் நிழலில் காயட்டும். அவசரப்பட்டு முதல் நாளே அவிழ்த்தால் வளைவு மெல்ல நிமிர்ந்துகொண்டே போகும், பத்தாம் காட்சியில் குதிரை முகம் கோணலாக நிற்கும். வெயிலில் காய வைத்தால் பிளக்கும். மூட்டுகளை மெழுகு தடவிய நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு அதன்மேல் பசை. வெறும் பசை மட்டும் அசைவு தாங்காது. காது அசைய சைக்கிள் பிரேக் கேபிள். கேபிள் செங்கோணமாகத் திரும்பும் இடத்தில் கண்டிப்பாகச் சிக்கும், எனவே எந்த வளைவும் உள்ளங்கை அகலத்துக்குக் குறையக்கூடாது. தலை 4 கிலோவுக்கு மேல் போனால் கையை நீட்டிப் பிடிப்பவரின் தோள் பத்து நிமிடத்தில் நடுங்க ஆரம்பிக்கும், குதிரை நடுங்குவது போலவே தெரியும்.

ஒத்திகையில் முதல் வாரம் நடை வேண்டாம், மூச்சு மட்டும். நின்ற இடத்தில் மூச்சு விடுகிற குதிரை உயிரோடு இருக்கிறது. மூச்சு நின்றால் அது பிரம்புக்கூடை. செத்துப்போகும் காட்சியிலும் இதுதான் சூத்திரம்: கீழே விழுவதைவிட, விழுந்தபின் மூச்சு நிற்கும் கணத்தைத்தான் பார்வையாளர் பார்ப்பார்.

மூன்றாம் மணி:
பக்கக் கணக்கு: வசனப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது உட்கார்ந்து வாசிக்கும் கணக்கு. அசைவு, பாட்டு, மௌனம் எல்லாம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும். போர் நாடகத்தில் மௌனம் அதிகம், எனவே 60, 65 பக்கத்தில் நிறுத்துங்கள்.

9 பேர் போதுமா என்ற கேள்விக்கு: தாராளமாக. பெரிய கூட்டத்தைக் காட்ட முயலும்போதுதான் கூட்டம் சிறியதாகத் தெரியும். போரிஸ் வசீலியெவின் 'இங்கே வைகறைகள் அமைதியானவை' (1969) குறுநாவலில் ஒரு படைத்தலைவனும் ஐந்து பெண் சிப்பாய்களும், எதிரே பதினாறு ஜெர்மானியர்கள். மாஸ்கோ தகான்கா அரங்கில் யூரி லியூபிமொவ் 1971இல் அதை மேடையேற்றியபோது மேடை வடிவமைப்பாளர் டேவிட் பரோவ்ஸ்கி மேடையில் வைத்தது ஒரு லாரியின் பலகை உடல்தான். பலகைகள் கழன்றன. அதே பலகைகள் குளியல் கொட்டகை ஆயின, சதுப்பு நிலம் ஆயின, நிமிர்த்தித் தொங்கியபோது காட்டு மரங்கள் ஆயின. ஒரு பெண் சதுப்பில் மூழ்கும் காட்சிக்குச் சேறு தேவைப்படவில்லை. கடைசியில் அந்தப் பலகைகள் தொங்கியபடி சுழல்கின்றன, அவ்வளவுதான்.

இதை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் நாவலுக்குள் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள், மொத்த மேடையையும் அதிலிருந்து கட்டுங்கள். பலகைதான் என்றால் பைன் மரத்தில் 7 அடி நீளம், 10 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் எடுங்கள். ஒன்று 6, 7 கிலோ வரும், ஒருவர் தனியாகத் தூக்கலாம். ஏறி நிற்கும் இடங்களில் நடுவில் முட்டு கொடுக்காவிட்டால் தொய்யும். விளிம்பை உருட்டித் தேயுங்கள், இல்லையென்றால் ஒத்திகை முழுக்க உள்ளங்கையில் சிராய் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். முனைகளில் ரப்பர் பட்டை ஒட்டினால் தரையில் வைக்கும் சத்தம் அடங்கும், வழுக்காது.

எதிரொலி:
சத்தம் என்று வந்ததால் ஒரு பழைய எச்சரிக்கை. 1928 ஜனவரியில் பெர்லினில் ஜெர்மன் இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர், செக் எழுத்தாளர் ஹாஷெக்கின் முதல் உலகப்போர் நாவலான 'ஷ்வெய்க்'கை மேடையேற்றினார். சிப்பாய் ஷ்வெய்க் தன் படைப்பிரிவைத் தேடி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் மேடைக்குக் குறுக்கே இரண்டு ஓடும் பட்டைகள். நடிகர் நின்ற இடத்தில் நடப்பார், ஊரும் மனிதர்களும் அவரை நோக்கி ஓடிவருவார்கள். பின்னால் ஜார்ஜ் கிராஸின் கேலிச்சித்திரங்கள் படமாக ஓடின. நாவலின் வடிவத்தையே இயந்திரமாக்கிய அற்புதமான யோசனை. ஆனால் அந்தப் பட்டைகளின் இரைச்சலில் நடிகர் பேச்சு கேட்கவில்லை. மசகு போட்டுக் குறைத்தார்கள், முழுதாக அடங்கவில்லை. எந்த மேடைப் பொறியையும் வசனத்தோடு சேர்த்து முதல் நாளே ஓட்டிப் பாருங்கள்.

குண்டுச் சத்தம்: தொடர்ந்து போட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே காதுக்குப் பழகி, மழைச் சத்தம் மாதிரி ஆகிவிடும். ஒளிக்கும் ஒலிக்கும் நடுவில் உள்ள தாமதத்தைப் பயன்படுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 வினாடி ஆகும். மேடையின் பின்புறத் திரையில் ஒரு மின்னல், 6 வினாடி கழித்து மெல்லிய அதிர்வு: குண்டு 2 கிலோமீட்டரில் விழுகிறது. அடுத்தது 4 வினாடி, அடுத்தது 2. நான்காவது மின்னலுக்குப் பின் சத்தமே போடாமல் விளக்கை அணையுங்கள். பார்வையாளர் தாங்களே எண்ண ஆரம்பித்திருப்பார்கள், மீதியை அவர்கள் உடம்பு செய்துகொள்ளும். வசனத்துக்கு அடியில் வெடிச்சத்தம் ஓட விடாதீர்கள், வரி முடியட்டும். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் 6 அடிக்கு 3 அடி மெல்லிய இரும்புத் தகட்டை ஒரு முனையில் தொங்கவிட்டு அடிமுனையைக் குலுக்குங்கள். பக்கத்தில் பெரிய தோல் மேளம் ஒன்று இருந்தால் தூரத்துப் பீரங்கி கிடைக்கும்.

விளக்குத்தூண்:
புகைக்கு யாராவது உலர்பனி (டிரை ஐஸ்) வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது கரியமில வாயு, காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். போர் நாடகத்தில் தரையில் படுத்துக் கிடப்பவர்கள் யார்? செத்தவர்களும் காயம்பட்டவர்களும். பதுங்குகுழி மாதிரி மூன்று பக்கம் அடைத்த அமைப்புக்குள் ஐந்து நிமிடம் படுத்திருப்பவர் உண்மையிலேயே மூச்சுத் திணறலாம். நீர் அடிப்படையிலான மென்புகை இயந்திரம் போதும். காட்சிக்கு 20 நிமிடம் முன்பே மெல்ல விடுங்கள், ஏசி ஓடும் நிலையிலேயே சோதியுங்கள். ஏசி இல்லாமல் சோதித்தால் அன்று அழகாக நிற்கும், நிகழ்ச்சியன்று மொத்தமும் முதல் வரிசைக்குப் போய்விடும். அரங்கத்தின் தீ உணர்கருவி எந்த வகை என்று முன்கூட்டியே கேளுங்கள்.

விளக்கை முன்னாலிருந்து அடித்தால் பதுங்குகுழி தெரு நாடகத் திண்ணை போல இருக்கும். இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலும் தோள் உயரத்திலும் பக்கவிளக்கு வையுங்கள். தரை இருளும், மனிதர்கள் செதுக்கியது போல நிற்பார்கள். பிரம்புக்கூடை சொன்ன பொம்மைக்கும் இதுதான், முன்விளக்கில் துணி தட்டையாகி உள்ளே இருக்கும் பிரம்பு மறைந்துவிடும். விட்டுவிட்டு எரியும் ஸ்ட்ரோப் விளக்கு வினாடிக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம், வாசலில் எச்சரிக்கை எழுதி வையுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஏட்டுச்சுவடி:
பெயர் சொல்லாமல் 'ஒரு நாவல்' என்கிறீர்களே, உரிமை வாங்கிவிட்டீர்களா? இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. ஜெர்மன் போர் நாவலாசிரியர் ரெமார்க் 1970இல் இறந்தார், ஆகவே அவருடைய நாவல்கள் இங்கே 2030 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கின்றன. பிரெஞ்சுப் போர் நாவலாசிரியர் பார்பூஸ் 1935இலும் ஹாஷெக் 1923இலும் இறந்தவர்கள், மூலநூல்கள் பொதுவில் வந்துவிட்டன. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, மொழிபெயர்ப்பாளர் உயிரோடு இருந்தால் அவரிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். பதிப்பகத்துக்கு எழுதும்போது மொழிபெயர்ப்பு உரிமையும் மேடை உரிமையும் வேறு வேறு என்று தெளிவாகக் கேளுங்கள். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை இருக்கை, கட்டணம் எவ்வளவு, எந்த மொழி என்பதை முதல் கடிதத்திலேயே எழுதினால்தான் பதில் வரும். அனுமதி வருமுன் அரங்கத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பின்திரை:
பார்பூஸ்தான், ஆக மூலத்துக்குச் சிக்கல் இல்லை. மொழிபெயர்ப்பாளரிடம் இந்த வாரமே எழுதுகிறேன். துப்பாக்கிகள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஒத்திகை:
வெற்றுத் தோட்டா வேண்டவே வேண்டாம். சுடுவதை ஒலியும் விளக்கும் செய்யட்டும். மரத்தில் செய்யுங்கள், ஆனால் கனத்தை மறக்காதீர்கள். பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு ஏறத்தாழ 4 கிலோ, நீளம் 113 செ.மீ.; அன்றைய பிரெஞ்சு லெபெல் அதைவிட நீளம். முக்கால் கிலோ மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு வருபவர் அதைக் குடை போலச் சுழற்றுவார், எத்தனை ஒத்திகை பார்த்தாலும் மாறாது. மரத்துக்குள் துளையிட்டு இரும்புக் கம்பி இறக்கி 3 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். தோள் தானாகத் தொங்கும், நடை தானாக மாறும். குறி வைக்கும்போது எதிராளியின் உடம்புக்கு நேராக வேண்டாம், அவருடைய தோளுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். துப்பாக்கிமுனைக் கத்தி ரப்பராகவே இருக்கட்டும். ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும்.

காலில் சுற்றும் பட்டித் துணியும் நேரத்தைத் தின்னும். உண்மையான பட்டி இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம், சுற்றி முடிக்கவே சில நிமிடம். கெட்டித் துணியில் சுற்றியது போல வரிவரியாகத் தைத்துப் பின்னால் வெல்க்ரோ வையுங்கள். 9 பேர் 25 வேடம் என்றால், காட்சிகளை நெடுக்கும் நடிகர்களைக் குறுக்குமாக ஒரு கட்டம் போடுங்கள். தொப்பியும் கோட்டும் மாற்ற 40 வினாடி, பூட்ஸ் மாற்ற 2 நிமிடம். கட்டத்தில் அந்த இடைவெளி இல்லாத இடங்களில் வசனம் கூட்டாதீர்கள், வேடத்தை இன்னொருவருக்குக் கொடுங்கள்.

பின்திரை:
பச்சைப் பென்சில் வேலையை ஆரம்பித்துவிட்டோம். நண்பர்களை இழந்ததைப் பற்றி நாயகன் ஒன்றரைப் பக்கம் பேசும் இடத்தை எடுத்துவிட்டு, தபால் பிரிக்கும் காட்சி வைத்திருக்கிறோம். முதல் முறை 8 பெயர், 8 பேரும் வந்து வாங்குகிறார்கள். இரண்டாம் முறையும் அதே 8 பெயர், 5 பேர்தான் வருகிறார்கள். வராதவர்களின் கடிதத்தை அவன் பைக்குள் திரும்ப வைக்கிறான். பின்னணி இசை வைக்கலாமா?

எதிரொலி:
வேண்டாம். பெயரைக் கூப்பிட்டபின் 3 வினாடி காத்திருக்கட்டும், இரண்டாம் முறை கூப்பிட வேண்டாம். முதல் காட்சியில் பதில் எவ்வளவு வேகமாக வந்ததோ அந்த வேகம்தான் இந்த 3 வினாடியை நீட்டிக் காட்டும், எனவே முதல் தடவை பெயர் முடியும் முன்பே 'இங்கே' என்று குரல் விழுந்தாக வேண்டும். கடிதம் பைக்குள் திரும்பப் போகும் சத்தம் பின்வரிசை வரை கேட்கட்டும். அதற்கு வழக்கமான 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் உதவாது. 120க்கு மேல் தடித்த பழுப்புத் தாளில் உறை ஒட்டுங்கள், பையும் கெட்டிக் கான்வாஸாக இருக்கட்டும்.